வான் முகடு

'வான்' என்னும் சொல்லுக்கு ஏட்டுத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆகாயம், மற்றது மழை. வள்ளுவர் 'வான் சிறப்பு' என்று அதிகாரம் வகுத்தபோது மழையையே கருதினார். கொழும்புத் தமிழர்களாகிய நாம் மூன்றாவது பொருளொன்றையும் சேர்த்துக்கொண்டுள்ளோம். அது காலி வீதியிலும் அளுத்மாவத்தையிலும் ஓயாது ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடுவது. முதல் இரண்டையும் பாடிய புலவர்கள் எண்ணற்றோர். மூன்றாவதை எவரும் பாடவில்லை. ஆயினும் இம்மூன்று வான்களும் ஒன்றோடொன்று மோதுமிடம் ஒன்றுண்டு. வாகன வானின் முகடுதான் அது. மேலிருந்து வெயிலும் மழையும் அதன்மீது இறங்க, உள்ளே மனிதர் என்ன பாடுபடுகின்றனர் என்பதே இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தில், கொழும்பின் வடமுனையில் அமைந்தது முகத்துவாரம். மீன்பிடித் துறைமுகமும், காளி அம்மன் கோயிலும், தேவாலயங்களும், தோளோடு தோள் இடித்து நிற்கும் சிறு வீடுகளும் நிறைந்த பகுதி அது. அங்குள்ள ஒழுங்கைகளில் தகரக் கூரைகளுக்குக் குறைவில்லை. உப்புக் காற்று இரவு பகலாக வீசுவதால், புதுத் தகரம் செம்மண் நிறங்கொள்ள நெடுங்காலம் செல்வதில்லை. அங்கே வாழும் எமது நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சேமிப்புப் பணத்தையெல்லாம் திரட்டிப் பழைய ரொயோட்டா ஹைஏஸ் வான் ஒன்றை வாங்கினார். 'டொல்பின்' என்று நம்மவர் செல்லப் பெயரிட்டு அழைக்கும் வகை அது. 2020 மார்ச் தொடக்கம் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வான்களுக்கும் மவுசு ஏறியிருந்த காலம். 'இந்த விலைக்கு ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கலாமே' என்று நாமே அவரிடம் கேட்டோம்.

அவர் சொன்ன காரணத்தைக் கேட்டபின் வாய் திறக்கவில்லை. அவருடைய அன்னையாருக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. பிறந்த மண்ணாகிய யாழ்ப்பாணத்துக்குச் சென்று, நல்லூர்க் கந்தனின் தேரை இன்னுமொரு முறை காணவேண்டும் என்பது அம்மூதாட்டியின் ஆசை. இடுப்பு வலியினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார இயலாது. பஸ்ஸோ றெயிலோ உதவாது. ஆகவே வானின் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டிலும், தண்ணீர்த் தொட்டியும், சிறு அடுப்பும் வைத்து, படுத்தபடியே பயணம் செய்யும் வீடாக அதனை ஆக்கிவிடுவதென்று மகன் தீர்மானித்தார்.

இது புதிய எண்ணமன்று. ஒல்லாந்தரான பென் பொன் என்பவர் 1947இல் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய படமே வொக்ஸ்வாகன் வானாக 1950இல் வீதிக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜேர்மனியின் வெஸ்ற்பாலியா நிறுவனத்தார் அதனுள் படுக்கையும் அலுமாரியும் பொருத்தி விற்கலாயினர். எம்மவர் அதற்கும் முந்தியவர்கள். றெயில் பாதை 1905இல் காங்கேசன்துறையை எட்டுமுன், வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்கள் கூடார வண்டிகளில் நாட்கணக்காகப் படுத்தெழும்பியே பிரயாணம் செய்தனர். அந்த வண்டிகளின் கூடாரம் ஓலையினாலும் பாயினாலும் ஆனது. வெயில் அதனுள் எளிதில் இறங்காது; மழை விழுந்தாலும் பெரிதாக இரையாது. கிடுகு வேய்ந்த வீட்டில் படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வண்டியிலிருந்து வானுக்கு மாறியபோது வேகத்தை வாங்கிக்கொண்டோம்; கூடாரத்தை விற்றுவிட்டோம்.

2024ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தது. இருபத்தைந்து நாள் நடைபெறும் உற்சவத்தில் தேர் இருபத்துநான்காம் நாள். தேருக்கு முதல்நாள் விடியலில் குடும்பத்தார் முகத்துவாரத்திலிருந்து புறப்பட்டனர். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வானின் முகட்டை ஒரு கராஜில் கொடுத்து 'வெப்பம் புகாதபடி' செய்திருந்தார் நண்பர். வெள்ளித்தாள் போல் மின்னும் குமிழித் தாளைத் தகரத்தில் பசையிட்டு ஒட்டி, அதன்மேல் ஸ்பொஞ்ச் ஒட்டி, அதன்மேல் றெக்சின் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பார்வைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பந்தல்போல் இருந்தது. புத்தளம் கடந்து வெயில் ஏறியதும் அன்னையார் சொன்னாராம்: "அடுப்புக்குள்ளை இருத்தின மாதிரிக் கிடக்குது, தம்பி." அநுராதபுரத்தை அடையுமுன் அவர் மயங்கிவிட்டார். அங்கே ஓரிரவு தங்கி, வைத்தியரிடம் காட்டி, மறுநாள் தேர் இழுக்கும் நேரத்தில் வீடு நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

கார்த்திகை மழை தொடங்கியதும் இரண்டாவது ஏமாற்றம் வெளிப்பட்டது. வீட்டருகே நிறுத்தியிருந்த வானுக்குள் நண்பர் ஒருநாள் அமர்ந்திருந்தபோது, தகரத்தின்மீது மழை விழுந்த ஓசையில், அருகிலிருந்த மகன் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. தைமாதம் றெக்சின் தொங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தபோது ஸ்பொஞ்ச் நனைந்த துணிபோல் ஈரமாக இருந்தது. தகரத்தில் வட்ட வட்டமாகத் துரு. அப்பொழுதுதான் அவர் எம்மை அழைத்தார். நாமும் ஒரு காலத்தில் பௌதிகம் படித்துப் பாதியில் விட்டவர் என்ற ஒரே தகுதிதான் காரணம்.

அந்தக் கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நாம் கருதவில்லை. நல்ல பொருளையே போட்டிருந்தார். வெப்பம், ஓசை, ஈரம் என்னும் மூன்று பகைவரையும் ஒரே ஆயுதத்தால் வெல்ல முயன்றதுதான் பிழை. அவை மூன்றும் வெவ்வேறு வழியாக நுழைவன.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். நமது தீவில் ஏப்ரல் மாதத்தின் முதல் இரு வாரங்களிலும், மீண்டும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதி வரையிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது நிழல் காலடியில் சுருண்டுவிடும். சுவருக்குச் சாய்வாக விழும் வெயில், கூரைக்கு நேராக விழும். கடும் நிறம் பூசிய தகரம் 60 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும். இந்த வெப்பம் உள்ளே வரும் வழிகளைப் பாடசாலையில் படித்திருக்கிறோம்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். இவற்றுள் எது பெரிது?

சூடான வளி மேலெழும்பும் என்பது மாணவர் அறிந்ததே. முகட்டின் கீழுள்ள வளி சூடானால் அது எங்கே எழும்பும்? ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது, அங்கேயே தங்கிவிடும். ஆகவே மேலிருந்து கீழே மேற்காவுகையால் வரும் வெப்பம் சொற்பம். அசையாத வளி வெப்பத்தை எளிதில் கடத்துவதுமில்லை. மிஞ்சுவது கதிர்வீசல். வெயிலில் நிற்கும் வானுக்குள் நுழைந்ததும் உச்சந்தலையில் படும் அந்த அனல், பெரும்பாலும் தகரத்திலிருந்து நேராக எம்மீது பாயும் கதிர்வெப்பமே.

கதிர்வெப்பம் பொருளின் மேற்பரப்பைப் பொறுத்தது என்பதை ஸ்கொத்லாந்து அறிஞரான ஜோன் லெஸ்லி 1804இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஓர் உலோகப் பெட்டியில் வெந்நீர் நிரப்பினார். அதன் ஒரு பக்கத்துக்குக் கரி பூசினார். இன்னொரு பக்கத்தைப் பளபளக்கத் துலக்கினார். உள்ளேயுள்ள நீர் ஒன்றே. ஆயினும் கரிப் பக்கம் அனலை வீசியது, துலக்கிய பக்கம் கஞ்சத்தனம் காட்டியது. வர்ணம் பூசிய மேற்பரப்பு தன்னால் இயன்ற கதிர்வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்களவு வெளியிடும். பளபளக்கும் அலுமினியம் 5 பங்களவே வெளியிடும். தேநீர் சூடாக வைக்கும் பிளாஸ்க்கின் உட்புறம் வெள்ளிபோல் மின்னுவதும் இதனாலேயே. 1892இல் அதனை அமைத்த ஜேம்ஸ் டுவார், இரு கண்ணாடிச் சுவர்களுக்கு இடையேயுள்ள வளியையும் வெளியேற்றிவிட்டார்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி நிமிர்த்தி வைத்து, நான்கு விரற்கடை தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். அனல் தெரியும். இப்பொழுது சமையலறை அலுமினியத் தாள் ஒன்றை, பெட்டியிலும் படாமல் கையிலும் படாமல், இடையே பிடியுங்கள். அனல் பட்டென்று நின்றுவிடும். அதே தாளைச் சூடான சட்டியில் ஒட்டியபடி வைத்துத் தொட்டால் என்ன ஆகும்? விரல் சுடும். தாள் அதுதான், அதன் முன்னே வெற்றிடம் இல்லை. பளபளப்பு வேலை செய்வதற்கு அதன் எதிரே ஒரு வளி இடைவெளி வேண்டும். நண்பருடைய வானில் மின்னும் தாளின் ஒரு முகம் தகரத்தோடும் மறுமுகம் ஸ்பொஞ்சோடும் ஒட்டியிருந்தது. தாளுக்குக் கொடுத்த காசெல்லாம் பசைக்குள் புதைந்துவிட்டது.

பளபளக்கும் முகம் மேல்நோக்கி இருக்கவேண்டுமா, கீழ்நோக்கியா என்று நண்பரின் மைத்துனர் கேட்டார். வெயிலைத் திருப்பி அனுப்ப மேல்நோக்கித்தானே இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். இரண்டும் செய்யும் என்பதே விடை. மேல்நோக்கிய முகம் வரும் கதிரைத் திருப்பும். கீழ்நோக்கிய முகம் தான் சூடானாலும் கதிரை வெளியிடாது. ஆனால் மேல்நோக்கிய முகத்தில் நாளடைவில் தூசி படியும். தூசி படிந்தால் பளபளப்பு போய்விடும். கீழ்நோக்கிய முகத்தில் தூசி தங்காது. நாம் கீழ்நோக்கிய கட்சி.

இவற்றையெல்லாம் வாங்குமுன் செய்யவேண்டிய மலிவான காரியம் ஒன்றுண்டு. முகட்டின் வெளிப்புறத்துக்கு வெள்ளை பூசுதல். சுத்தமான வெள்ளைப் பூச்சு வெயிலில் நூற்றுக்கு 80 பங்களவைத் திருப்பி அனுப்பிவிடும். நண்பருடைய வான் கருநீலம். பதிவுப் பத்திரத்தில் நிறமும் சம்பந்தப்படுவதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டறிந்த பின்னரே தூரிகையைத் தொடும்படி சொன்னோம். 1950களில் வெப்ப நாடுகளுக்கென விற்கப்பட்ட லண்ட் றோவர் வண்டிகளில், கூரைக்கு மேலே சில விரற்கடை இடைவெளி விட்டு இன்னொரு கூரை பொருத்தியிருந்ததை முதியோர் சிலர் நினைவுகூரலாம். மேற்கூரை வெயிலை வாங்கிக்கொள்ள, ஓடும்போது காற்று இடையே புகுந்து வெப்பத்தை அள்ளிச் சென்றது. உள்ளே ஒட்டும் எதையும்விட அது மேலான உபாயம். ஆனால் வானின் உயரம் கூடும், காற்று எதிர்க்கும், செலவும் ஏறும் என்பதனால் நண்பர் தலையசைத்துவிட்டார்.

அடுத்தது ஓசை. ஓர் எவர்சில்வர் தட்டை விளிம்பில் பிடித்துத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்கும். ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவில் ஓர் உருண்டை எடுத்துத் தட்டின் நடுவில் அழுத்தி ஒட்டிவிட்டு மீண்டும் தட்டுங்கள். ஓசை 'தொப்' என்று அடங்கிவிடும். தட்டு முழுவதையும் மூட வேண்டியதில்லை. நடுவில் ஓர் உருண்டை போதும். மிருதங்கக் கலைஞர் தொப்பித் தலையில் ரவை பிசைந்து அப்புவதை நாம் கச்சேரிகளில் பார்த்திருக்கிறோம். பாரம் கூடிய தோல் தாழ்ந்த சுருதியில் பேசும். வலந்தலையில் உள்ள கருஞ்சாதத்தின் மர்மத்தை 1920இல் ஆராய்ந்து எழுதியவர் சர் சி. வி. இராமன். நாதத்தை எழுப்பத் தெரிந்த அறிவையே நாதத்தை அடக்கவும் பயன்படுத்தலாம்.

மழைத்துளி வானின் முகட்டில் விழும்போது ஓசை எழுப்புவது துளியன்று, தகரம். இரு விலாச் சட்டங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய மத்தளத் தோல்போல் அது துடிக்கிறது. அந்தத் துடிப்பைத் தகரத்திலேயே பிடித்து நிறுத்தவேண்டும். ஸ்பொஞ்ச் அதைச் செய்யாது. அது பாரமற்றது; தகரத்தோடு சேர்ந்து தானும் ஆடும். தேவையானது பாரமும் பிசுபிசுப்பும் சேர்ந்த ஒரு பொருள். பியூட்டில் றப்பர்த் தகட்டின் மேல் மெல்லிய அலுமினியம் ஒட்டி இதற்கெனவே விற்கிறார்கள். தகரம் வளையும்போது அலுமினியம் வளைய மறுக்கும். இடையில் அகப்பட்ட றப்பர் இழுபட்டுக் கசங்கி, துடிப்பைச் சிறு வெப்பமாக மாற்றி விழுங்கிவிடும். ஒவ்வொரு தகரப் பகுதியின் நடுவிலும் கால் பங்கு முதல் அரைப்பங்கு வரை ஒட்டினாற் போதும். முழுவதும் ஒட்டும்படி கடைக்காரர் சொல்வார். அது அவருடைய தர்மம். தாரினால் செய்த மலிவான தகடுகளும் உண்டு. குளிர்நாட்டில் அவை பழுதில்லை. நமது வெயிலில், அதுவும் தலைக்கு மேலே, தார் இளகி மணம் வீசும். சில வேளை கழன்று படுக்கையில் விழும்.

நண்பரோடு பஞ்சிகாவத்தைக்கும் பழைய சோனகர் தெருவுக்கும் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்தோம். வாகன உதிரிப் பாகங்களுக்கு முன்னதும் இரும்புச் சாமான்களுக்குப் பின்னதும் பேர்போனவை. எதைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்பார்கள். எதற்கு என்று கேட்டால் 'எல்லாவற்றுக்கும்' என்பார்கள். அங்கே நாம் கற்ற பாடம், பொருளின் பெயரைக் கேட்காமல் அது செய்யவேண்டிய வேலையைச் சொல்லிக் கேட்கவேண்டும் என்பது.

மூன்றாவது பகைவன் ஈரம். உறங்கும் மனிதர் ஒருவர் ஓர் இரவில் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் கால் லீற்றர் அளவு நீரை ஆவியாக வெளியிடுவார். மூவர் படுத்தால் முக்கால் லீற்றர். அடுப்பில் நீர் கொதித்தால் இன்னும் கூடும். விடியற்காலையில் வானின் முகடு வெளிவெளியை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடும். வாகனக் கூரைகளில் காலைப் பனித்துளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளேயும் அவ்வாறே நிற்கும். மலைநாட்டுக்குச் சென்றால் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாத இரவுகளில் உறைபனியும் விழுவதுண்டு. திறந்த துளைகளுள்ள ஸ்பொஞ்ச் அந்த நீரையெல்லாம் குடித்து, தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஈரத் துணி போர்த்திய மாதிரி நாள் முழுதும் வைத்திருக்கும். முகத்துவாரத்து உப்பும் சேர்ந்துகொண்டால் துருவுக்கு வேறு விருந்து தேவையில்லை. ஆகவே துருவைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சுப் பூசுவதே முதல் வேலை. தகரத்தைத் தொடும் எதுவும் நீர் குடியாததாக இருக்கவேண்டும். விலாச் சட்டங்களின் பொந்துகளில் எதையும் அடைக்கக்கூடாது. அவை நீர் வழிந்தோடும் வாய்க்கால்கள். முகட்டில் ஒரு காற்றுப் போக்கியும் வைக்கவேண்டும்.

இந்த இடத்தில் ஓர் ஆபத்தைச் சொல்லாமல் கடக்க எமக்கு மனம் வரவில்லை. வேலை தொடங்கிய அன்று மைத்துனர் தம் பழைய வீட்டில் கழற்றிய தட்டையான அஸ்பெஸ்டஸ் பலகைகள் நான்கைக் கொண்டுவந்து இறக்கினார். வெப்பம் கடத்தாது, தீப்பிடியாது, இலவசமும்கூட என்றார். தச்சர் வாளைக் கையில் எடுத்துவிட்டார். நாம் குறுக்கே நின்று தடுத்தோம். அஸ்பெஸ்டஸ் எவ்வகையாயினும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அதனை வாளால் அறுக்கும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கிவிடும். நோய் தலைகாட்டுவதற்கு இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளும் செல்லலாம். நீல அஸ்பெஸ்டஸை நமது நாடு 1987இலேயே தடைசெய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸையும் 2018 தொடக்கம் நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசெம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டொன்று கண்டதாகக் கூறி ருஷியா தேயிலையை நிறுத்தியது. ருஷியாவே நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு. சில நாட்களில் இங்கே தடை தள்ளிவைக்கப்பட்டது. அங்கே தேயிலைக்கு வழி திறந்தது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன உறவு என்பதை வாசகர் தாமே சிந்தித்துக்கொள்வாராக. வீட்டுக் கூரையில் அசையாமல் கிடக்கும் பலகையை வீணே கிளறவேண்டாம். ஆனால் அதை அறுத்து, ஓயாமல் குலுங்கும் வானுக்குள் ஆணியடித்து, அதன்கீழ் பெற்ற தாயைப் படுக்கவைப்பது எவ்வகையிலும் தகாது. மைத்துனர் இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை.

ரெஜிபோமும் அப்படியே. மலிவு, இலேசு, வெப்பமும் கடத்தாது. ஆனால் அடுப்பு வைத்த வண்டியில் அது பற்றினால் எரியும் துளிகளாக உருகிச் சொட்டும். ஓசையைத் தடுக்கவும் உதவாது. அதையும் ஒதுக்கினோம்.

கடைசியில் செய்தது இதுதான். சுரண்டிப் பூச்சுப் பூசிய தகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் பியூட்டில் தகடு. சிறு உருளையால் அழுத்தி, காற்றுக் குமிழி இல்லாமல். அதன் அலுமினிய முகம் கீழ்நோக்கி மின்னியது. அதற்குக் கீழே ஓர் அங்குலம் வெற்றிடம். அந்த இடைவெளிக்காக விலாச் சட்டங்களில் மெல்லிய மரச் சட்டங்கள். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே றப்பர்ப் பட்டி, இல்லையேல் துடிப்பும் வெப்பமும் அந்தத் திருகாணி வழியாகவே இறங்கிவிடும். அதன்கீழ் றப்பர்ப் பால் சேர்த்து இறுக்கிய தும்புத் தகடு, மேல்முகத்தில் வெள்ளித்தாளோடு. தூசி படியும் என்று முன்னர் சொன்னோமே என்று கேட்பீர்கள். உண்மைதான், கீழ்நோக்கிய அலுமினியம் தன் கடமையைச் செய்வதால், மேல்நோக்கிய தாளை ஈரம் தும்புக்குள் இறங்காதபடி தடுக்கவே போட்டோம். தென்னந்தும்பு நமது மண்ணின் பொருள். நார்களின் இடுக்குகளில் ஓசை புகுந்து களைத்துவிடும். அதுவும் எரியக்கூடியதே, ஆகவே அடுப்புக்கு மேலே மட்டும் தும்பை விட்டு உலோகத் தகடு பொருத்தினோம். எல்லாவற்றுக்கும் கீழே மெல்லிய ஒட்டுப்பலகை. அதில் நூற்றுக்கணக்கான சிறு துளைகள், ஓசை தும்பைச் சென்றடைய. துளையிட்டவர் நண்பரின் பேர்த்தி. எண்ணிக்கொண்டே போனவர் எழுநூறில் எண்ணிக்கையைத் தவறவிட்டாராம்.

பசை பூசும் நாட்களில் கதவு யன்னல் யாவும் திறந்தே இருந்தன. பசையின் ஆவி மூடிய இடத்தில் மயக்கம் தரும், தீயும் பற்றும்.

எல்லாம் முடிந்ததும் அற்புதம் நிகழ்ந்துவிட்டதென்று சொல்லமாட்டோம். டொல்பினில் இயந்திரம் முன் ஆசனங்களுக்கு அடியில் இருக்கிறது. அதன் உறுமல் முகட்டு வழியாக வருவதன்று. ஆகவே அது முன்போலவே இருந்தது. பெரும் ஓசையை வெளியே நிறுத்துவதற்கு வேண்டியது சுவரின் கனம். கனத்தை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். காதுக்கு ஓசை பாதியாகத் தோன்ற 10 டெசிபெல் குறையவேண்டும். ஓடும் வண்டிக்கு அவ்வளவு பாரம் ஏற்ற இயலாது. யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கும் முகடு பொறுப்பன்று. அதற்குத் தனியே திரைகள் தைக்கவேண்டியதாயிற்று. எத்தனை அடுக்கு ஒட்டினாலும், வெயிலில் மூடி நிறுத்திய வானுக்குள் முதியோரையோ குழந்தையையோ ஐந்து நிமிடமேனும் விட்டுச் செல்லலாகாது. முகட்டு வேலை வெப்பத்தைக் குறைக்கும். அடைத்த அறையில் ஏறும் வெப்பத்தை அழிக்காது.

2025ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு மீண்டும் புறப்பட்டார்கள். இம்முறை தேருக்கு நான்கு நாள் முன்னதாக, விடியலிலும் மாலையிலும் மட்டும் ஓடி, வழியில் ஓர் இரவு தங்கி. புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் நண்பர் வண்டியை நிறுத்தி, கையை மேலே நீட்டி முகட்டைத் தொட்டுப் பார்த்தாராம். இளஞ்சூடுதான். வவுனியாவுக்கு அப்பால் மாலையில் திடீரென மழை பிடித்துக்கொண்டது. நண்பருக்கு முன்கண்ணாடியில் வழியே தெரியாத மழை. ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அன்னையார் கண் விழித்திருந்தார். "ஏன் தம்பி நிப்பாட்டினனீ?" என்று கேட்டிருக்கிறார். மழை என்றதும், "மழையோ? ஆரோ மெல்லமாய் அரிசி புடைக்கினம் எண்டெல்லே நான் நினைச்சன்" என்றாராம். தேரன்று சக்கர நாற்காலியில் வடக்கு வீதியில் வைத்து அவரை நிறுத்தினார்கள். அதற்குமேல் நண்பர் எமக்கு விவரித்தது குடும்பத்தாருக்குரியது.

வானின் உயரம் மூன்று அங்குலம் குறைந்துவிட்டது. நண்பரின் மகன் ஆறடி. உள்ளே நுழையும்போதெல்லாம் முதல் மரச் சட்டத்தில் தலையை இடித்துக்கொள்கிறார். பியூட்டில் தகட்டில் மூன்று துண்டுகளும், தும்பில் ஒரு சுருளும், வெள்ளித்தாளில் பாதிச் சுருளும் மிச்சம். அவற்றை விற்றுவிடலாம் என்று நண்பர் எண்ணியிருந்தார். பேர்த்தி விடவில்லை. வீட்டின் பின்புறம், தகரம் போட்ட சாய்ப்பில்தான் அவர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறார். மழை பெய்தால் பக்கத்தில் இருந்து பாடம் சொல்லும் தந்தையின் குரல் கேட்பதில்லை. பகலில் இரண்டு மணிக்குமேல் அங்கே இருக்கவும் முடிவதில்லை. எழுநூறு துளையிட்டவருக்கு அந்த மிச்சம் சேரவேண்டியதுதானே என்று நாமும் பரிந்துரைத்தோம். சாய்ப்பின் தகரம் பத்தடிக்கு எட்டடி; வெள்ளித்தாள் போதும், பியூட்டில் இன்னும் ஐந்து துண்டு வாங்கவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வரும்படி எமக்கு அழைப்பு வந்திருக்கிறது.